திண்ணையில் 112: சர்க்கரைத் தடுப்புத் திட்டங்கள் யாரைத் தவறவிடுகின்றன?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊர் தீர்த்தமலை. தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். மலைமேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையிலிருந்து கொட்டுற ராமர் தீர்த்தம்னு சொன்னா சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு வேலை பெங்களூரில். அம்மாவும் தம்பி குடும்பமும் ஊரிலேயே இருக்காங்க.

காலை பதினோரு மணி இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவருபவர். வந்ததும் பழைய அட்டையை வாங்கி எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குன்னு எண்ணினார். "பெரியம்மா, நாலு மிச்சம் இருக்கே. நாலு ராத்திரி மறந்துட்டீங்களா?" அம்மா பதில் சொல்லாம மோர் எடுக்க உள்ளே போயிட்டாங்க. இந்த மாதிரி எண்ணிப் பார்த்து கேட்கிற ஆள் பெங்களூரில் எனக்குக்கூட இல்லை.

சும்மா இருக்காம, "எனக்கும் ஒரு தடவை பாருங்களேன்"னு விரலை நீட்டினேன். குத்தினார், பார்த்தார். 112.

"நார்மல்தாங்க அண்ணா. 140-க்கு மேல இருந்தாதான் பி.எச்.சி.க்கு அனுப்புவோம்."

அம்மாவுக்கு நிம்மதி. "பாத்தியா கண்ணு, நீதான் சும்மா பயந்துக்கற."

அந்தப் பெண் செய்தது சரி. விதிப்படிதான் செய்தார். ஆனா அதுக்கு மூணு வாரம் முன்னால பெங்களூரில் ஒரு லேபில் உட்கார்ந்து 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணியைக் குடிச்சுட்டு வந்திருந்தேன். வெறும் வயித்தில் 97. ரெண்டு மணி நேரம் கழிச்சு 168. அதாவது நான் நார்மல் இல்லை. இன்னும் சர்க்கரை நோயாளியும் இல்லை. நடுவில் நிக்கிற ஆள்.

எங்க கம்பெனி வருஷாந்திர செக்கப்பில் வெறும் வயித்து அளவு மட்டும்தான் எடுப்பாங்க. ஏழு வருஷமா 'நார்மல்'னு பச்சைக் கலரில் ரிப்போர்ட் வந்துகிட்டு இருந்தது. அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறதே கால் புண் ஆறாம போனப்போதான் தெரிஞ்சது. ரெண்டு விரல் எடுத்தாங்க. அவரை யாரும் முன்னாடி சோதிக்கவே இல்லை. என்னை ஏழு தடவை சோதிச்சாங்க. அதனாலதான் இது என்னை உறுத்துது.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சு சாஃப்ட்வேர் எழுதிப் பொழைக்கிறவன். ராத்திரி நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிற பழக்கம் உண்டு. அப்படி, சமூக அளவில் சர்க்கரை நோயைத் தடுக்கிற முயற்சிகள் பத்தி, முக்கியமா தமிழ்நாட்டிலிருந்து வந்ததை, கொஞ்ச நாளாப் படிச்சேன். அதுல எனக்குப் பட்ட ஒரு குறையைத்தான் இங்கே எழுதறேன். யாரையும் குறை சொல்லிப் பேர் வாங்கற எண்ணம் இல்லை. இந்தத் துறையில் உலகத்துக்கே முன்னோடியான வேலை சென்னையில் நடந்திருக்கு. அந்த வேலையை நாமே முழுசாப் பயன்படுத்தலைங்கிறதுதான் என் ஆதங்கம்.

லோடு டெஸ்ட்

முதல்ல ஒரு அடிப்படை. 'சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை'ன்னு ஒரே பேரில் சொல்றோமே, அது உண்மையில் ரெண்டு வகை.

ஒண்ணு, வெறும் வயித்திலேயே அளவு கொஞ்சம் கூடி இருக்கறது. 100-லிருந்து 125 வரை. இதை 'வெறும் வயிற்று வகை'ன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது, வெறும் வயித்தில் ஒழுங்கா இருக்கும், ஆனா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் ஆன பிறகும் 140-லிருந்து 199 வரை நிக்கும். இதை 'ரெண்டு மணி நேர வகை'ன்னு சொல்றேன். ரெண்டும் சேர்ந்தே இருக்கறவங்களும் உண்டு.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, வெறும் வயித்து சோதனைங்கிறது ராத்திரி மூணு மணிக்கு யாருமே இல்லாத நேரத்தில் சர்வர் எப்படி ஓடுதுன்னு பார்க்கிற மாதிரி. நல்லாத்தான் ஓடும். குளுக்கோஸ் குடிக்கிற சோதனை லோடு டெஸ்ட். பாரத்தை ஏத்திட்டு எவ்வளவு நேரத்தில் சமாளிச்சு பழைய நிலைக்கு வருதுன்னு பார்க்கறது. லோடு டெஸ்ட்டில் மட்டும் தெரியற கோளாறை மூணு மணி சோதனையில் தேடினா கிடைக்காது. டெஸ்ட் பாஸ் ஆயிடும், பக் அப்படியே இருக்கும்.

திண்ணையில் எடுக்கற நேரங்கெட்ட நேர அளவு இந்த ரெண்டிலும் சேராது. எப்போ சாப்பிட்டோம், என்ன சாப்பிட்டோம், அதுக்கப்புறம் வயல்ல வேலை செஞ்சோமா, எல்லாத்தையும் பொறுத்து மாறும். நோய் முத்தினவங்களை அது பிடிச்சுடும். 280 இருக்கறவருக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் பெரும்பாலும் 140-க்கு மேலதான் காட்டும். நடுவில் நிக்கறவங்களை அது பெரும்பாலும் பார்க்காது.

பேச்சு யாருக்கு வேலை செய்தது?

இப்போ கேள்வி: சாப்பாடு, நடை, எடை பத்திச் சொல்லிக்கொடுத்தா சர்க்கரை நோய் வராம தடுக்க முடியுமா? முடியும்னு நிரூபிச்ச பெரிய ஆய்வுகள் எல்லாத்திலும் ஒரு பொது அம்சம் இருக்கு. கவனிச்சுப் படிக்கிற வரைக்கும் அது எனக்குப் பிடிபடலை.

சீனாவில் டாச்சிங் நகரத்தில் 1986-ல் ஆரம்பிச்ச ஆய்வு. 1,10,660 பேரை சோதிச்சு, அதிலிருந்து 577 பேரைப் பிரிச்சு எடுத்தாங்க. ஆறு வருஷத்தில் சும்மா விட்ட குழுவில் 67.7% பேர் சர்க்கரை நோயாளி ஆனாங்க. உணவு ஆலோசனை கிடைச்ச குழுவில் 43.8%, உடற்பயிற்சிக் குழுவில் 41.1%. முப்பது வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, ஆலோசனை பெற்றவங்களுக்கு நோய் சராசரியா நாலு வருஷம் தள்ளிப் போயிருந்தது. இதய நோயும் குறைஞ்சிருந்தது. 577 பேரும் ரெண்டு மணி நேர வகை.

அமெரிக்காவின் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம், 2002. 3,234 பேர். வாழ்க்கைமுறை மாற்றம் 58%, மெட்ஃபார்மின் மாத்திரை 31% குறைச்சது. அங்கேயும் ரெண்டு மணி நேர அளவு 140-க்கு மேல இருந்தாதான் உள்ளே சேர்த்தாங்க.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் இந்தியன் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம், 2006-ல் வெளியானது. 531 பேர், 421 ஆண்கள், 110 பெண்கள். எல்லாரும் ரெண்டு மணி நேர வகை, அதுவும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சோதிச்சு உறுதி செஞ்சவங்க. மூணு வருஷத்தில் ஒண்ணும் செய்யாத குழுவில் 55% பேருக்கு நோய் வந்தது. ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 39.3%. மெட்ஃபார்மின் மட்டும் 40.5%. ரெண்டும் சேர்த்தாலும் 39.5%. ஆக, சும்மா பேசினதே மாத்திரை அளவுக்கு வேலை செஞ்சிருக்கு. ஆறேழு பேருக்குச் சொல்லிக்கொடுத்தா ஒருத்தருக்கு நோய் வராம தடுக்கலாம்ங்கிற கணக்கு வருது. மருத்துவத்தில் இது ரொம்ப நல்ல கணக்கு.

இந்த ஆய்வில் எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், ஆலோசனைக் குழுவில் எடை பெரிசாக் குறையவே இல்லை. ஆனா நோய் குறைஞ்சது. ஊரில் ஒல்லியா இருக்கறவங்க "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்"னு கேட்டா இதைத்தான் சொல்லணும்.

அதே குழு 2013-ல் இன்னொண்ணு செஞ்சாங்க. வேலைக்குப் போற 537 ஆண்களில் பாதிப் பேருக்கு செல்ஃபோனில் குறுஞ்செய்தி அனுப்பினாங்க. ரெண்டு வருஷத்தில், செய்தி வராதவங்களில் 27%, வந்தவங்களில் 18% பேருக்கு நோய். வெறும் எஸ்.எம்.எஸ்.! சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேற இருக்க முடியாது. இவங்களும் ரெண்டு மணி நேர வகைதான்.

2016-ல் சென்னையிலேயே டி-கிளிப் ஆய்வு. 578 பேர். இதில் ரெண்டு வகையையும் சேர்த்துக்கிட்டாங்க. மொத்தத்தில் 32% குறைஞ்சது. வகை வாரியாப் பிரிச்சா, ரெண்டு மணி நேர வகையில் 31%, ரெண்டும் சேர்ந்தவங்களில் 36%, வெறும் வயிற்று வகை மட்டும் உள்ளவங்களில் 12%. பிரிச்சா குழுக்கள் சின்னதாயிடும், அதனால இந்த வித்தியாசத்தை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனா மத்த ஆய்வுகளோட சேர்த்து வெச்சுப் பார்த்தா திசை தெரியுது.

பொது அம்சம் இப்போ புரிஞ்சிருக்கும். சொல்லிக்கொடுத்தா பலன் உண்டுங்கிற நம்பிக்கைக்கு ஆதாரமா நிக்கறவங்க பெரும்பாலும் அந்தக் குளுக்கோஸ் தண்ணியைக் குடிச்சு, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்டுபிடிக்கப்பட்டவங்க.

சூணாம்பேடு: தலைப்பும் விடையும்

இதை மனசில் வெச்சுக்கிட்டு சூணாம்பேட்டுக்குப் போவோம். அப்போ காஞ்சிபுரம் மாவட்டம், இப்போ செங்கல்பட்டு. டாக்டர் வி. மோகனின் சென்னை நிறுவனங்கள் அங்கே 42 கிராமங்களில் செஞ்ச கிராமப்புறத் தடுப்புத் திட்டம், நம்ம மாநிலத்தில் இந்த வகையில் நடந்ததில் முக்கியமான ஒண்ணு. ஒரு வேன், அதில் கண் பரிசோதனை வரைக்கும் கருவிகள், இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்பு வழியா சென்னை டாக்டர்கள். 2012-ல் முடிவுகளை வெளியிட்டாங்க.

முதல்ல மரியாதை. 27,014 பெரியவர்களில் 23,380 பேரை சோதிச்சிருக்காங்க. 86.5%. கிராமத்தில் காலையில் வேலைக்குக் கிளம்பற ஆளை நிறுத்தி வெச்சு ரத்தம் எடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த எண்ணோட மதிப்பு தெரியும். 1,138 பேருக்கு சர்க்கரை நோய், 3,410 பேருக்கு முந்தைய நிலை. நோயாளிகளின் எச்பிஏ1சி, அதாவது மூணு மாத சராசரி, ஒரு வருஷத்தில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. நூறில் ஐந்து பேருக்கும் குறைவாத்தான் சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தது. மத்தவங்களுக்கு ஊரிலேயே வைத்தியம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். இது பெரிய விஷயம்.

இப்போ விமர்சனம். கட்டுரையின் தலைப்பு கிராமப்புற இந்தியாவில் சர்க்கரை நோய்த் தடுப்பு பத்திப் பேசுது. சுருக்கத்தில் தரப்படும் பலன், ஏற்கெனவே நோய் வந்த 1,138 பேரோட பலன். வராம தடுக்கப்பட வேண்டிய 3,410 பேர் எண்ணிக்கையா வர்றாங்க, அவ்வளவுதான். அவங்களில் எத்தனை பேர் அடுத்தடுத்த வருஷங்களில் நோயாளி ஆனாங்க, எத்தனை பேர் தப்பிச்சாங்கன்னு அந்தச் சுருக்கத்தில் எண் இல்லை. நோயாளி ஒருத்தருக்கு மூணு பேர்னு வரிசையில் நிக்கறாங்க. தடுப்புன்னா அவங்களுக்குத்தானே?

இன்னொண்ணு, ஒப்பிட்டுப் பார்க்க வேற கிராமங்கள் இல்லை. புது வெர்ஷனை எல்லா சர்வரிலும் ஒரே நாளில் ஏத்திட்டு, போன மாசத்தைவிட இந்த மாசம் பரவாயில்லைன்னு சொல்ற மாதிரி இது. 9.3 மாதிரி உச்சத்தில் இருக்கற சராசரி, ரெண்டாவது தடவை அளக்கும்போது தானாகவே கொஞ்சம் இறங்கவும் வாய்ப்பு உண்டு. திட்டத்தால் எவ்வளவு, தானா எவ்வளவுன்னு பிரிக்க வழி இல்லை. முழு இறக்கமும் கண்கட்டுன்னு நான் சொல்லலை. மருந்தே இல்லாம இருந்தவங்களுக்கு மருந்து கிடைச்சா இறங்கத்தான் செய்யும். ஆனா அது சிகிச்சையின் வெற்றி. தடுப்பின் வெற்றின்னு எழுதினா, தடுப்பு நடந்துடுச்சுன்னு எல்லாரும் நம்பிடுவாங்க.

நெய்யாற்றின்கரை: ஊர்க்குழுவின் பலம், ஊர்க்குழுவின் எல்லை

ஒப்பீட்டுக் குழுவோட ஒழுங்கா நடந்த சமூக ஆய்வு ஒண்ணு பக்கத்து மாநிலத்தில் இருக்கு. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், வாக்குச்சாவடிப் பகுதிகளையே அலகா எடுத்துக்கிட்டாங்க. 60 பகுதிகள், 1,007 பேர். ஊர்க்காரங்களையே பயிற்சி கொடுத்துத் தலைவர்களாக்கி, குழுவாக் கூடிப் பேச வெச்சாங்க. 2018-ல் முடிவு வந்தது. ரெண்டு வருஷத்தில் ஆலோசனைக் குழுவில் 14.9%, மற்றதில் 17.1% பேருக்கு நோய். வித்தியாசம் இருக்கு, ஆனா அது தற்செயல் இல்லைன்னு சொல்ற அளவுக்கு இல்லை. அதே சமயம் மது குறைஞ்சது, பழம் காய்கறி கூடினது.

இதைப் படிச்சுட்டு 'கிராமத்தில் பேசிப் பிரயோஜனம் இல்லை'ன்னு முடிவுக்கு வர்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. அங்கே ஆட்களைத் தேர்ந்தெடுத்தது ஒரு ஆபத்து மதிப்பெண்ணை வெச்சு. குளுக்கோஸ் சோதனையில் ஏற்கெனவே நோய் உள்ளவங்களை மட்டும் நீக்கினாங்க. ரெண்டு மணி நேர வகை மட்டும்தான் வேணும்னு கட்டாயம் இல்லை. ஆக, சென்னை ஆய்வில் இருந்த கூட்டமும் இந்தக் கூட்டமும் வேற வேற. அங்கே மூணு வருஷத்தில் 55% பேருக்கு நோய் வர இருந்தது, இங்கே ரெண்டு வருஷத்தில் 17%. ஆபத்து குறைவா இருக்கற கூட்டத்தில் பலன் சின்னதாத்தான் தெரியும். யாரிடம் பேசினோம்ங்கிற கேள்வியை விட்டுட்டு, பேச்சு பலிச்சதா இல்லையான்னு மட்டும் கேட்டா தப்பான பதில்தான் வரும்.

மக்களைத் தேடி, யாரைத் தேடி?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி எங்க பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. அதுக்கு முந்தைய நிலவரம் மோசம். 2020-ல் மாநில அளவில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்புப்படி 17.6% பேருக்கு சர்க்கரை நோய், அவங்களில் கட்டுக்குள் வெச்சிருந்தவங்க 10.8% பேர்தான். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் அது 16.7% ஆகியிருக்கு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைச்சது. எங்க அம்மா மாதிரி ஆட்களுக்கு இது என்ன செஞ்சிருக்குன்னு நான் கண்ணால் பார்க்கிறேன்.

என் கேள்வி அதுக்கு முந்தைய படியைப் பத்தி. வீட்டு வாசலில் சோதிக்கற முறையில், நாடு முழுக்க இருக்கற தேசிய வழிகாட்டுதல்படி, எந்த நேரத்திலும் எடுக்கற ஒரு துளி ரத்தம். 140-க்கு மேல போனா சந்தேகம், கீழே இருந்தா நார்மல். நோயாளியைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனா இந்த வடிகட்டி 'ரெண்டு மணி நேர வகை' ஆட்களைத் தேடி வெச்ச வடிகட்டி இல்லை. அவங்களில் பலர் காலை பதினோரு மணிக்கு 112 காட்டிட்டு, நார்மல்னு கேட்டுட்டு, நிம்மதியா வீட்டுக்குள்ள போயிடுவாங்க. ஆக, யாருக்குச் சொன்னா பலிக்கும்னு ஆதாரம் இருக்கோ, அவங்களைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லி அனுப்பறோம். சோதிக்காம விட்டிருந்தாலாவது சந்தேகம் மிஞ்சியிருக்கும்.

இது சின்னக் கூட்டம் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் 11.4%, முந்தைய நிலை 15.3%. நகரம், கிராமம்னு பிரிச்சா சர்க்கரை நோய் 16.4%, 8.9%. பெரிய இடைவெளி. ஆனா முந்தைய நிலை 15.4%, 15.2%. கிட்டத்தட்ட ஒண்ணுதான். வரிசை கிராமத்திலும் அதே நீளத்துக்கு நிக்குது. முன்னால போய்ச் சேர்ந்தவங்கதான் நகரத்தில் அதிகம்.

"ரெண்டு மணி நேரம் யாருங்க உட்காருவாங்க?"

இதைச் சொன்னா எல்லாரும் திருப்பிக் கேட்கற கேள்வி இது. நியாயமான கேள்வி. நூறு நாள் வேலைக்கோ குச்சிக்கிழங்கு பிடுங்கவோ போறவரை, காலையில் வெறும் வயித்தோட வந்து உட்காருங்கன்னு சொன்னா வருவாரா? எனக்கும் முதலில் இது முடியாத காரியமாத்தான் பட்டது. ரெண்டு விஷயம் என் மனசை மாத்தியது.

ஒண்ணு, மேலே சொன்ன அதே இந்தியாப் ஆய்வு. அதில் 1,13,043 பேர் பங்கெடுத்தாங்க, 79,506 பேர் கிராமத்துக்காரங்க. இவங்களை எப்படி சோதிச்சாங்க? ஏற்கெனவே நோய் இருக்குன்னு சொன்னவங்களைத் தவிர மத்தவங்களுக்கு, ஊரிலேயே, வெறும் வயித்தில் ஒரு தடவை, குளுக்கோஸ் குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, விரல் நுனி ரத்தத்தில், சாதாரண குளுக்கோமீட்டரில்! கடையில் கிடைக்கிற தண்ணிச்சத்து சேர்ந்த குளுக்கோஸா இருந்தா 82.5 கிராம் எடுத்தா 75-க்குச் சமம்ங்கிற கணக்கு வரைக்கும் களத்தில் செஞ்சு காட்டியிருக்காங்க. எத்தனை பேர்னு எண்ணிச் சொல்றதுக்கு நம்மால் இதைச் செய்ய முடியுது. அவங்களைக் காப்பாத்தறதுக்குன்னு வரும்போது மட்டும் நடைமுறைச் சிக்கல்னு சொல்றோம்.

ரெண்டாவது, கர்ப்பிணிகள். சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பால், தமிழ்நாட்டில் 2007-லிருந்து கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை சோதனை அரசு நடைமுறை. முறை ரொம்ப எளிசு. சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாம வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ், ரெண்டு மணி நேரம், ஒரு அளவு. 140 தொட்டா கவனிப்பு. பின்னால தேசிய வழிகாட்டுதலிலும் இது வந்தது. இந்த முறை எல்லாரையும் பிடிக்குமான்னு நிபுணர்களிடையே விவாதம் உண்டு. ஆனா என் வாதத்துக்கு ஒரு விஷயம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கு, கரைச்சுக் கொடுக்கத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க, ரெண்டு மணி நேரம் உட்கார பெஞ்ச் இருக்கு. தம்பி மனைவி ரெண்டு தடவை அங்கே உட்கார்ந்து குடிச்சிருக்கா. அதே பெஞ்சில் அவள் புருஷன் உட்காரக் கூடாதுன்னு எந்த மருத்துவமும் சொல்லலை.

எல்லாரையும் உட்கார வைக்கத் தேவையில்லை. அதுக்கும் விடை சென்னையிலேயே 2005-ல் வந்தாச்சு. டாக்டர் மோகன் குழுவின் இந்திய ஆபத்து மதிப்பெண் முறை. வயசு, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்கு இருக்கான்னு நாலே நாலு. ஒரு இஞ்ச் டேப் போதும். 60-க்கு மேல வந்தா ஆபத்து. நெய்யாற்றின்கரையில் ஆளைத் தேர்ந்ததும் இதை வெச்சுத்தான். இதை முதல் வடிகட்டியா வெச்சு, 60 தாண்டினவங்களை மட்டும் குளுக்கோஸ் குடிக்க அழைச்சா, வரிசை சமாளிக்கற அளவுக்குச் சுருங்கிடும். டேப், பாக்கெட், குளுக்கோமீட்டர், தன்னார்வலர், எல்லாம் ஏற்கெனவே இருக்கு. இதையெல்லாம் கோர்க்கற ஒரு விதிதான் இல்லை.

கண்டுபிடிச்ச பிறகு என்ன சொல்றது?

இதுக்கு நீளமா எழுதலாம், சுருக்கமா முடிக்கிறேன். ஊரில் சுவரில் எழுதற மாதிரியான 'தினமும் நடங்க, இனிப்பைக் குறைங்க' என்கிற பொதுப் பேச்சு இல்லை 2006 ஆய்வில் நடந்தது. ஒவ்வொருத்தரோடயும் தனியாப் பேசினாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நேரில், நடுவில் மாசாமாசம் ஃபோனில். ஏற்கெனவே உடலுழைப்பு செய்றவங்களை வாக்கிங் போகச் சொல்லலை, அதையே தொடரச் சொன்னாங்க. வயல்ல இருந்து வர்றவரைப் பார்த்து "நடங்க"ன்னா சிரிப்பார். அவர்கிட்ட பேச வேண்டியது தட்டைப் பத்தி. எங்க பக்கம் ராகிக் களியும் சாமைச் சோறும் தினசரி சாப்பாடா இருந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோட இருக்கு. 2023-லிருந்து தருமபுரி மாவட்ட ரேஷனில் அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி தர்றாங்க. நல்ல ஆரம்பம். ஆனா ராகியை மாவாக்கிக் கூழாக் கரைச்சுக் குடிச்சாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவும் கூட்டும் முக்கியம். அதை ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லணும். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கற அந்தத் தன்னார்வலரை விட அதுக்குப் பொருத்தமான ஆள் யார்?

பொங்கல் விடுமுறையில் இஞ்ச் டேப்பை எடுத்து வீட்டிலேயே கணக்குப் போட்டேன். எனக்கு வயசு 46, அதுக்கு 20. இடுப்பு 96 சென்டிமீட்டர், 10. நாற்காலி வேலை, உடற்பயிற்சி கிடையாது, 30. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் உண்டு, 20. மொத்தம் 80.

தம்பி பக்கத்தில் நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தான். "நான் காடுகழனியில பாடுபடறவண்ணா, எனக்கு எங்க வரப்போவுது?" அவனுக்கும் போட்டேன். 41 வயசு, 20. இடுப்பு 92, 10. கடின உழைப்பு, ஆனா தனியா உடற்பயிற்சி இல்லை, 20. அப்பா அம்மா, 20. மொத்தம் 70. சிரிப்பு நின்னுபோச்சு. போன தடவை திண்ணையில் அவனுக்குக் காட்டினது 118.

ஒரு நாள் வேலையை விட்டுட்டு அரூரில் ஒரு லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். குளுக்கோஸைக் குடிச்சுட்டு, "இதுக்கு கரும்பு ஜூஸே தேவலாம்"னு முணுமுணுத்தான். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நாங்க ரெண்டு பேரும் அப்படி சும்மா உட்கார்ந்து பேசினது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ கடைசியா. வெறும் வயித்தில் 104. ரெண்டு மணி நேரம் கழிச்சு 183.

இப்போ டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம், மாத்திரை இல்லை, சாப்பாட்டை மாத்தச் சொல்லியிருக்கார். மாசத்துக்கு ஒரு தடவை நான் அவனுக்கு ஃபோன் பண்ணி என்ன சாப்பிடறேன்னு கேட்கிறேன், அவன் என்னைக் கேட்கிறான். ரெண்டு பேர் கதையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். நிரூபணம் 2006-லேயே வந்தாச்சு. அடுத்த பொங்கலுக்குள்ள அந்தத் தன்னார்வலர் பையில் ஒரு இஞ்ச் டேப் இருந்தா சந்தோஷப்படுவேன்.

உங்க வீட்டிலும் யாருக்காவது அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருந்து, செக்கப்பில் வெறும் வயித்து அளவு மட்டும் நார்மல்னு வந்திருந்தா, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ரெண்டு மணி நேர சோதனை தேவையான்னு ஒரு வார்த்தை கேளுங்க.